பத்தாம் திகதித் தீர்மானம்

நிந்தவூர்,
ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் நலம். கட்டாரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், கவனம். போனில் கதைத்தால் உங்கள் உம்மா பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் இந்தக் கடிதத்தை, லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் ஸஹீதிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, வீட்டில் எல்லாருடைய விருப்பத்தையும் அறிந்து சொல் என்றீர்கள். அறிந்தேன். அதற்குமுன் செவ்வாய்க்கிழமை நடந்த நெற்செய்கைக் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது காணிக்காக நான்தான் போனேன்.

வாய்க்காலில் தண்ணீர் திறக்க ஒரு நாள் குறிக்க வேண்டும். குளத்தில் தண்ணீர் குறைவு, ஏப்ரல் முதலாம் திகதியே திறந்தால்தான் கதிர் முற்றும்வரை காணும் என்றார் பொறியியலாளர். பள்ளக் காணிகளில் போன போகத்து நெல் வெட்டு இன்னும் முடியவில்லை, இருபதுக்கு முன் திறந்தால் நெல் நனையும் என்றார் விவசாயப் போதனாசிரியர். இருவரும் படித்தவர்கள், இருவர் சொன்னதும் சரி. ஆகவே பத்தாம் திகதி என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இனி நெல்லும் நனையும், தண்ணீரும் காணாது.

பிறகு தேத்தண்ணீர் தந்தார்கள். விவசாயிகள் விரும்புகிறார்களே என்றுதான் விட்டுக்கொடுத்தேன் என்றார் பொறியியலாளர். பொறியியலாளரே இறங்கி வந்தபிறகு நான் எப்படி மறுப்பது என்றார் போதனாசிரியர். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையான உங்கள் வாப்பாவோ, “எனக்கும் மனமில்ல மகள். படிச்ச ஆக்கள் ஓம் எண்டா நாம என்னத்தக் கதைக்கிற?” என்றார். நானும் கை உயர்த்தியவள்தான்.

வீட்டுக் கூட்டமும் அப்படியே. வாப்பா, உம்மாவைக் கேள் என்றார். உம்மா, “அவன்ட விருப்பந்தான் எங்கட விருப்பம்” என்றார். நீங்களோ எங்கள் விருப்பம்தான் உங்கள் விருப்பம் என்கிறீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் போனதும் இந்த முறையில்தான். எயாபோட் போகும் வானில் ஏறுமுன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தீர்கள். யாராவது மறிப்பார்களா என்று பார்த்தீர்கள் போலும். நான், சம்பல் போத்தலை எடுத்தீர்களா என்று கேட்டேன்.

இந்தமுறை முதல் ஆளாகச் சொல்கிறேன். எனக்கு விருப்பமில்லை. வந்துவிடுங்கள். மற்றவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை உங்களைக் கண்டபிறகு சொல்லட்டும்.

ஸஹீத் வெள்ளிக்கிழமை அங்கே வந்து சேருவார். அதுவரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காமல் அல்லாஹ் உங்கள் கையைப் பிடித்து வைக்கட்டும்.

துஆவுடன்,
நிஹ்லா