என் பாதிப் பிரார்த்தனை

அன்புள்ள என் வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்பதற்கெல்லாம் விரலால் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தட்டில் அடங்காததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்த இடம் ஆறி வருகிறது. கிசுகிசுக்கவும் கூடாது என்பது டாக்டர் கட்டளை. எதிர்வீட்டு அக்கா, பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டி, சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் கத்திப் பேசுகிறார். பேருந்து நிலையத்தில் என் மைக்கில் இப்போது டிக்கெட் கொடுப்பவர்தான் அறிவிக்கிறார். வடக்கே போகிற வண்டியைத் தெற்கே அனுப்பாத குறை. குரல் திரும்பினால் மைக், இல்லையென்றால் பார்சல் அறை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வீடுதான் ஆளை விழுங்குகிறது. நீ வெளியூரில் அந்த வயதான அம்மாவைக் கவனிக்கும் வேலைக்குப் போன பிறகும் குக்கரோடும் பூட்டோடும் பேசிக்கொண்டு திரிந்தேன். இப்போது அதுவும் இல்லை.

விளக்குப் போட்டதும் பழையபடி சாமி முன்னால் உட்காருகிறேன். "சாமி, இன்னிக்குப் பாத்துக்கிட்ட" என்பது உன் பாதி. நீ சொல்லி முடிக்கும் அளவு காத்திருந்து, "நாளைக்கும் விட்டுடாத" என்ற என் பாதியை மனதில் சொல்வேன். செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. பயந்துபோய் அழுதேன். ஊருக்கெல்லாம் வழி சொன்ன தொண்டையை ஏன் பறித்தாய் என்று சாமியிடம் சண்டை போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை என்று தோன்றியது. எப்படித் தெரியும் என்று கேட்காதே. நீ பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியுமே, அப்படித்தான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை டாக்டர் என்னைப் பேசச் சொல்வார். என் பாதியைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். உனக்கு அது வேலை நேரம், கைவேலையை விட வேண்டாம். உன் பாதியை மனதுக்குள் சொல்லி வை.

சாயங்காலம் போன் செய்கிறேன். என் குரல் கேட்டால் சந்தோஷம். தட்டுச் சத்தம் கேட்டால் அழாதே. என் பாதியையும் நீயே சொல்லிவிடு.

உன்,
ஊமைக்கோட்டான்