பன்றிவெட்டு வரி

ஏப்ரல் 14, 1997

அன்பு மகன் யுவான்பிங்குக்கு அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பா உயிரோடு இருக்கிறார், அதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும். சாங்ஷாவில் நீயாவது உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு.

வரித்துறையில் வேலை கிடைத்துவிட்டது, நம் மாவட்டத்துக்கே போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வரி கூடினால்தான் நாடு முன்னேறும் என்று இரண்டு பக்கம் விளக்கமும் வைத்திருந்தாய். நான் வரியே கூடாது என்கிற ஆள் இல்லை, ஆற்றங்கரையை உயர்த்தியதும் உன்னைப் படிக்கவைத்ததும் அந்தப் பணம்தான். ஆனால் வியாழக்கிழமை இங்கே நடந்ததையும் படித்துவிட்டு நியாயம் பேசு.

பன்றி வெட்டினால் கட்டுகிற வரியை இப்போது பன்றியே இல்லாதவனிடமும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். நாம் இந்த வருஷம் எதையும் வெட்டவில்லை, இருந்தது ஒரே சினைப்பன்றி. உன்னோடு படித்த ஷென்தான் இப்போது வசூல்காரன், எட்டு ஆட்களோடு டிராக்டரில் வந்தான். வெட்டாத பன்றிக்கு என்னடா வரி என்று அப்பா கேட்டதற்கு, கணக்கு மேலிடத்துல போட்டது மாமா, நீங்க வெட்டுனா என்ன வெட்டாட்டி எனக்கென்ன என்றான். பன்றியின் காலில் கயிறு போட்டு இழுத்தார்கள். அப்பா உள்ளே போய்க் கத்தியோடு வந்தார், நான் இடுப்பைக் கட்டிக்கொண்டேன், என்னை உதறிவிட்டுப் பன்றியின் கழுத்தில் இறக்கிவிட்டார். இந்தா வெட்டிட்டேன், இப்ப எழுதுடா வரிய என்று கத்தினார். வாசலெல்லாம் ரத்தம், பன்றியின் வயிற்றில் கைவைத்தேன், குட்டிகள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. ஷென் நிதானமாக ரசீதுப் புத்தகத்தை எடுத்து, வெட்டிய பன்றிக்கென்று தனியாக இன்னொரு வரி எழுதினான். அப்பா அந்தத் தாளை அவன் வாயிலேயே திணித்தார். அப்புறம் எட்டுப் பேரும் அவரைத் தடியால் அடித்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது, ஒரு காது இன்னும் கேட்கவில்லை. செத்த பன்றியையும் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள்.

கீழ்க்கரையில் பதினொரு குடும்பம் வயலைப் போட்டுவிட்டுக் குவாங்டோங் ஆலைகளுக்குப் போய்விட்டது, அவர்கள் பங்கும் எங்கள் தலையில். நாங்களும் போய்விட்டால் தரிசு நிலத்திடம் எப்படி வசூலிப்பது என்று உன் புத்தகத்தில் இருந்தால் எழுது. இன்னொன்று, டிராக்டரில் ஏறும்போது ஷென் சொன்னான், அடுத்த தடவ யுவான்பிங்தான் எங்களுக்குத் தலைவன், அவன்கிட்ட மல்லுக்கட்டுங்க மாமா என்று. அது அப்பாவின் கேட்கிற காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் உன் பெயரைச் சொல்லவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன். வேலையில் சேர்ந்தால் வேறு மாவட்டம் கேட்டு வாங்கிக்கொள். அப்பாவுக்கு இடது கை நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அம்மா,
ஃபெங் மெய்யுன்