பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்

மச்சான், இன்று காலை கறுப்பு எனமல் பெயின்ட் டின்னைத் திறந்தேன். அந்த வாடை வந்ததும் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். சண்டை முடிந்து நம் ஊர் பெருத்துவிட்டது. ஆரையம்பதிப் பக்கம் வெறும் மணலாய்க் கிடந்த நிலமெல்லாம் மதிலும் மாடியும். வீட்டு இலக்கம் எழுதத் தெரிந்த பழைய ஆள் என்று பிரதேச சபையில் மிஞ்சியிருப்பவன் நான்தான்.

சண்டைக் காலத்தில் முதன்முதல் நாம் இலக்கம் எழுதப் போனபோது, ஊர் பட்டினமாகிறது என்று உனக்கு ஒரே பெருமை. சனமோ நம்மைக் கண்டாலே கதவைச் சாத்தியது. இலக்கம் என்றால் லிஸ்ட், லிஸ்ட் என்றால் ஆயுதக்காரர் பிள்ளையைப் பிடித்துப்போகத் தேடி வருவார்கள். கடற்கரைக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் பதினேழாம் வீட்டை முடித்து அடுத்த வாசலுக்குப் போனோம். ஒற்றை மகனோடு இருந்த அந்த விதவை கையை விரித்து மறித்தாள்.

"நம்பர் போடாதீங்க தம்பி. எனக்கு இவன் ஒருத்தன்தான்."

"மறுகா பாப்பம் அக்கா" என்று தள்ளிப்போட்டுவிட்டு, அடுத்த வீட்டில் நீ பத்தொன்பது என்று எழுதினாய். பதினெட்டு எங்கே என்று ஆராவது கேட்டால் நம் இருவரையும் தூக்குவார்கள் என்று உன்னைத் திட்டினேன். "நீ சரியான தொடைநடுங்கி மச்சான்" என்று சிரித்தாய். எனக்கு ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

பிறகு சுனாமியாய்க் கடல் வந்தது. ஒழுங்கையே போய்விட்டது. நாம் எழுதிய சில வாசல் தூண்கள் மட்டும் நின்றன. அவற்றைப் பார்த்துத்தான் சனம் தங்கள் வீடு நின்ற வளவைக் கண்டுபிடித்தது. அதே ஒழுங்கையில் உன் வீட்டுத் தூணில் நீ எழுதிய இலக்கம் இருந்தது, நீ இல்லை. அக்காவும் மகனும் அன்று கடலுக்குத் தூரமான கொக்கட்டிச்சோலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். இலக்கமில்லாத அவள் வளவை, பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் காலால் அளந்து நான்தான் காட்டினேன்.

போன மாதம் அங்கே கட்டிய புது வீட்டுக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"பதினெட்டைப் போட்டு விடுங்க தம்பி. மகனுக்குப் பாஸ்போட் எடுக்க விலாசம் கேக்கிறாங்க. இனிப் பயமில்லத்தானே?"

"ஓம்" என்றேன். ஆரைக் கேட்டு அப்படிச் சொன்னேனோ தெரியாது. எழுதிய எட்டு கோணிப்போயிற்று.

அன்று தொடக்கம் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போவதில்லை. அந்த ஒழுங்கையால் போய், அக்காவின் மகன் முற்றத்தில் நிற்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நேற்று அவனைக் காணவில்லை. கிணற்றடியில் குளிக்கிறான் என்று தாய் சொன்னாள். ஈரத் தலையோடு அவன் வெளியே வரும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.