ஒரே வழக்கு, இரண்டு ஜாமீன்

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் சட்டையில் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை. உன் சட்டையிலும் எப்போதும் அதே வாடைதான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நம் வழக்கில் இன்று தீர்ப்பு சொன்னார்கள், மக்கா.

மலைக்கு வரும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று நாம் ரோட்டில் உட்கார்ந்தோம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் நீயும், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் நானும். உன் மனைவி அப்போது நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற கவலையில்தான் நீ வந்தாய். தள்ளுமுள்ளில் ஒரு போலீஸ்காரர் விழுந்தார். யார் தள்ளியது என்று யாருக்கும் தெரியாது. நம் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள்.

ஜாமீனும் இருவருக்கும் ஒரே நாளில் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு பேர் சொந்த வீட்டு வரி ரசீதோடு வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றார் நீதிபதி. பூதப்பாண்டியிலிருந்து என் அப்பாவும் மாமாவும் வந்தார்கள். நான் அன்று சாயங்காலமே வீட்டில் குளித்தேன்.

உனக்காக உன் லயத்து ஆட்கள் எல்லோரும் மலையிறங்கி வந்திருந்தார்கள். ஒருவர் பெயரிலும் வீடு இல்லை. குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் கைகூப்பிச் சொன்னார்: "சார், இவன் எங்க ஓடுவான்? விடியதுக்கு மின்ன பால் வெட்டப் போவான், பொறவு வீட்டுக்கு வருவான். வேற எடமே தெரியாது சார்."

நீதிபதி கோபப்படவில்லை. "ரசீது இல்லாம நான் என்ன செய்ய?" என்றார்.

அப்பாவையும் மாமாவையும் உனக்கும் நிற்கச் சொன்னேன். எனக்கு நின்றவர்களை உனக்கு ஏற்க மாட்டார்கள் என்றார் வக்கீல். என் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள். காப்பி கொடுத்தார்கள். "ஒனக்குண்ணா நிப்பேன் மக்களே. மலையில கெடக்க ஆளு, நாளைக்கு வரலேண்ணா எனக்க வீடுல்லா போவும்?" என்றார்கள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த படி ஏறினேன்.

உனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் உன் மனைவி குழந்தையை என் கையில் தந்து, "அவரு எப்ப வருவாரு அண்ணா?" என்று கேட்டாள். உன் மகளை உனக்கு முன்னால் நான் தூக்கினேன்.

வக்கீல் மறுபடி மனுப்போட்டு, உன் சொந்தக் கையெழுத்தே போதும் என்று உத்தரவு வாங்குவதற்குள் குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டது. அந்தக் கையெழுத்தை முதல் நாளே நீ போட்டிருப்பாய். ஜெயில் வாசலில் என்னைப் பார்த்ததும், "ஒனக்கு வேல போச்சாலே?" என்றுதான் கேட்டாய். போகவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. உனக்குப் போயிருந்தது.

அதன் பிறகு உன் மனைவி பால் வெட்டப் போனதால் லயம் மட்டும் மிஞ்சியது. கிடைத்த வேலைக்குப் போன நீ, வருஷக்கணக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தக் கூலியையும் விட்டுவிட்டு வந்தாய். ஒருமுறைகூடத் தவறவில்லை. போன மழையில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது.

இன்று எனக்கு விடுதலை. நீ இறந்துவிட்டதால் உன் மேல் இருந்த வழக்கை முன்பே முடித்துவிட்டார்களாம். குற்றமில்லை என்று உன் பெயரைச் சொல்லி ஒருவரும் வாசிக்கவில்லை.

அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மலையேறி லயத்துக்குப் போனேன். உன் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"அவரையும் விட்டாச்சா அண்ணா?"

"விட்டாச்சு" என்றேன்.

அவள் அழுதுகொண்டே மகளைக் கூப்பிட்டு, "அப்பாவ விட்டாச்சு மக்களே" என்றாள். நான் திருத்திச் சொல்லவில்லை.