கையைக் காட்டினால்தான் புத்தகம்

1872 யூலை 1, திங்கள். ஆங்கிரச வருடம், ஆனி.

விடியற்காலை முதல் தூறல். குடைக்கம்பி ஒன்று முறிவு, பழுதுபார்க்கக் கொடுத்தாயிற்று. காலையில் இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ் இலக்கணம். தொண்டைக் கரகரப்பு. கொத்தமல்லிக் குடிநீர்.

மாலை, கல்லூரிப் புத்தகசாலைக்கு. வாசிப்பு மேசைமீது கதிரைகள் யாவும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டேன். "கீழ இறக்கினா பெடியள் இருந்திடுவாங்கள், முதலியார்" என்றார் புத்தகசாலைப் பொறுப்பாளர் வேலுப்பிள்ளை. கதிரையில் மாணவன் உட்கார்ந்துவிடுவானாம்! பெரிய அபாயத்தைத் தடுத்துவிட்டார்.

கதவில் அறிவிப்புப் பலகை. பேசலாகாது. இருமலாகாது. ஈரக்குடை ஆகாது. அலுமாரியை அணுகலாகாது. பெயர் அறியாத புத்தகத்தைக் கேட்கலாகாது. பெயரை அறிய அலுமாரியைப் பார்க்க வேண்டும், அலுமாரியையோ அணுகலாகாது. இதை எழுதிய கை அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கத் தகுந்தது.

அடுத்து, கையைப் பரிசோதிக்கும் சடங்கு. மேல்வகுப்புக் கறுப்பையா முன்னால் நின்றான். மடுல்கெல்லத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளையுடைய மகன். கொழும்பு வைத்தியப் பள்ளிக்கூடத்துப் பரீட்சை இம்மாதக் கடைசியில். அதற்கு வேண்டிய உடற்கூற்றுப் புத்தகம் கண்டியில் இங்கு மட்டுமே உண்டு.

வே.பி.: "கை."

நீட்டினான்.

"திருப்பு."

திருப்பினான். நகக்கண்களில் கறுப்பு.

"பலாப்பிசின். தேங்காயெண்ணெய் போட்டு உரஞ்சிப்போட்டு வா."

"போன தடவ தேய்ச்சிட்டுத்தாங்க வந்தேன், ஐயா."

"அப்ப அது எண்ணெய்க் கை. எண்ணெய்க் கையோட புத்தகமோ?"

பின்னால் நின்ற இஸ்மாயில், திகனக் கோப்பி வியாபாரியின் மகன், வாய் சும்மா இராதவன்: "ஐயா, கைய வீட்ல வெச்சிட்டு வந்தா தருவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பையா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனி மாதத்தில் கண்டியில் பலாப்பழம் அறுக்காத வீடு எது? வே.பி.யின் முற்றத்தில் மாடு பலாத்தோல் தின்றதை நானே கண்டேன். சென்ற வியாழன், 27ஆந் தேதி.

இராப்போசனம் செரிக்கவில்லை.

யூலை 2, செவ்வாய்.

மூடுபனி. அதிபர் பாதிரியாரைக் கண்டேன். கதிரை, பலகை, கை, மூன்றையும் முறைப்படி எடுத்துரைத்தேன். அவர் மறுமொழி: வேலுப்பிள்ளை பொறுப்பேற்ற பின்பு ஒரு புத்தகமும் தொலைந்ததில்லை.

நான்: "மயானம் காப்பவனும் ஒருவரையும் தொலைத்ததில்லை."

அவர் சிரித்தார். சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை. இந்த வயதில் இவ்வளவு கொதிப்பு ஆகாது என்று தேநீர் வேறு தந்தார். தேநீரில் சீனி அதிகம்.

நான் நீதிமன்றத்தில் சாட்சியம் மொழிபெயர்க்கும் துவிபாஷியாக இருந்த காலத்தில், கொலை வழக்கின் சாட்சிக்குக்கூட உட்காரக் கதிரை கொடுக்கப்பட்டது. படிக்க வந்தவனுக்கு இல்லை!

யூலை 4, வியாழன்.

நேற்று எழுதவில்லை, தலைவலி. இன்று காலை சிறிது வெயில். வண்ணான் சட்டை ஒன்றை மாற்றிவிட்டான். காலர் கழுத்தை நெரிக்கிறது.

கல்லூரி விறாந்தையில், தூணுக்கு மறுபுறம், கறுப்பையாவும் இஸ்மாயிலும். ஒளிந்து கேட்கவில்லை. அவர்கள்தான் உரக்கப் பேசினார்கள்.

"சனிக்கெழம தோட்டத்து வண்டி வருது. அதுல போயிடுறேன்."

"போய்?"

"எங்கப்பா தொரைகிட்ட சொல்லி வச்சிருக்காரு. காலப் பெரட்டுல கூலியாளுங்களுக்குப் பேரு போடுற வேல."

"அப்ப டாக்குத்தர் ஆவுற கத?"

"மூணு தடவ கைய நீட்டிட்டேன்டா. இனிமே நீட்ட மாட்டேன்."

தூணைச் சுற்றி வந்தேன். இருவரும் பதறி எழுந்தார்கள். "வாருங்கள்" என்றேன்.

புத்தகசாலையில்: "வேலுப்பிள்ளை, உடற்கூற்றுப் புத்தகம் எனக்கு வேண்டும். என் கையையும் பார்க்கிறீரோ?"

"ஐயோ, முதலியார்! உங்கட கையையோ!"

அலுமாரித் திறப்பைப் பூட்டில் இட்டார். திரும்பவில்லை, துரு. எண்ணெய் இட்டார். கடைசியாகத் திறந்தது எப்போது என்று கேட்டேன். "போன வருசம்" என்றார். தவறு. 1869 நவம்பரில், சீமையிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து அடுக்கிய அன்று. நானும் உடனிருந்தேன்.

திறந்ததும் நாற்றம். புத்தகத்தை இழுத்தார், அட்டை மட்டும் கையோடு வந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் நின்றன. மேலே சாம்பல் நிறப் பூஞ்சணம். பக்கத்துப் புத்தகமும் அப்படியே. அந்த வரிசை முழுவதும் அப்படியே. கண்டி மழையில் காற்றுப் படாமல், ஒரு கையும் தீண்டாமல், மிகப் பத்திரமாக அழுகியிருந்தன.

மேசை ஓரத்தில், வகுப்பறைகளில் மாணவர்கள் கிழியக் கிழியப் புரட்டும் பூமிசாத்திரப் புத்தகம் கிடந்தது. முனை மடிந்திருந்தது. மை கொட்டியிருந்தது. பூஞ்சணம் ஒரு பொட்டும் இல்லை.

"அந்த அழுகலில் யாருடைய கைக்கறை, வேலுப்பிள்ளை? காட்டும்."

வே.பி. உட்காரப் பார்த்தார். கதிரைகள் மேசைமேல். சுவரில் சாய்ந்தார்.

"ஒண்டு துலைஞ்சாலும் வேலை போம் எண்டவர் முந்தின அதிபர். எனக்கு நாலு பிள்ளையள். நான் என்ன செய்யிறது, முதலியார்?"

இரங்கத்தான் வேண்டும். இன்று இயலவில்லை.

யூலை 5, வெள்ளி.

அதிபர் வந்து பார்த்தார். மூக்கில் கைக்குட்டை. தேநீர் தரவில்லை.

காய வைக்க வெயில் இல்லை. இஸ்மாயில்: "மழைக்கு எங்கட வாப்பா கிடங்குல கரியடுப்பு வெச்சித்தான் கோப்பி காய வெக்கிற. அடுப்பக் கொண்டு வரட்டா?" அதிபர் சம்மதித்தார். நண்பகலுக்குள் அடுப்புகள் வந்தன. எல்லாச் சன்னல்களும் திறப்பு. மேல்வகுப்பு முழுவதும் உள்ளே. கதிரைகளை நானே இறக்கினேன், இடுப்பில் பிடிப்பு. எவருடைய கையையும் எவரும் பார்க்கவில்லை. மூங்கிற் சிராயால் தாள் தாளாகப் பிரிப்பு. வே.பி. சுற்றிச் சுற்றி, "மெள்ள, ராசா, மெள்ள."

புத்தகம் பிணமான பின்பே இவர்களுக்குக் கதவு திறந்தது. இதற்கும் அதிபர் மாணவர்களுக்கு நன்றி கூறினார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

கறுப்பையாவுக்கு உடற்கூற்றுப் புத்தகத்தைக் கொடுக்கச் செய்தேன். ஒரு தாளைப் பிரிக்கிறான், அனலில் காட்டுகிறான், படிக்கிறான், அடுத்த தாள். சில இடங்களில் எழுத்தே இல்லை. "நாளைக்கு?" என்று கேட்டேன்.

"வண்டி வருதுங்க, ஐயா."



யூலை 6, சனி.

பெருமழை. இடுப்பு வலி. ஆயினும் காலையிலேயே புத்தகசாலை. கறுப்பையா எனக்கு முன்பே வந்திருந்தான். அவன் பெட்டி காலடியில்.

பத்து மணியளவில் தோட்டத்து வண்டி. அவன் தகப்பனார் படியேறி வந்தார். நனைந்த தலைப்பாகை, கையில் குடை. வே.பி. வாசலுக்கு விரைந்தார்: "ஈரக்குடையோட உள்ள வரேலாது."

"ஈரத்தைப் பற்றி நீர் பேசுகிறீரோ!" என்று கத்திவிட்டேன். அடுப்பருகே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வே.பி. விலகினார்.

கணக்கப்பிள்ளை வாசலில் நின்றபடியே: "டேய், பொட்டிய எடு. மழ வுடாது. ஏத்தத்துல மாடு நின்னுக்கும்."

கறுப்பையா தலை நிமிரவில்லை. "கொஞ்சம் இருங்கப்பா. பாதி பிரிச்சிட்டேன். இப்ப வுட்டா கிழிஞ்சிரும்."

அவர் செருப்பைக் கழற்றினார். நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து மகனுடைய தோளுக்கு மேலாகக் குனிந்தார்.

"என்னா படம் அது?"

"தோள்பட்டைங்கப்பா."

"போன மாசம் கங்காணிக்கு எறங்குச்சே, அதா?"

"அதேதான்."

"ஏத்தி வைக்கத் தெரியுமா ஒனக்கு?"

"அது அடுத்த பக்கத்துலப்பா. இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

கணக்கப்பிள்ளை வாசலுக்குத் திரும்பிச் சென்று மழைக்குள் வண்டிக்காரனுக்குக் குரல் கொடுத்தார்: "ஏய், நீ வண்டிய ஓட்டு. பேரு போட வேற ஆளப் பாக்கச் சொல்லு தொரைகிட்ட."

வண்டி போயிற்று.