எங்கே வலிக்குதுங்க?

திங்கட்கிழமை காலையில் வகுப்பறையைத் திறந்தால் இன்னமும் கோழித் தீவன வாசம்தான் முதலில் வந்து நிற்கிறது. முந்தின நாள் அங்கே உட்கார்ந்து தமிழ் படித்துவிட்டுப் போன பெண்களின் சேலையில் இருந்து வருகிற வாசம் அது. மக்காச்சோள மாவும் கருவாட்டுத் தூளும் கலந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நீ இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, "முட்டை திங்கறப்ப மட்டும் இனிக்குதா சாமி?" என்று ஒரு அதட்டுப் போடுவாய். இப்போது ஜன்னலை நான்தான் திறக்கிறேன். அதட்ட எனக்கு வாய் வருவதில்லை.

எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தது நீ. பக்கத்து வகுப்பு டீச்சர் என்ற பாவத்துக்கு என்னையும் இழுத்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு தோண்டப் போனபோது, ஏதோ ஓர் ஊரில் வயிற்று வலி வந்து, அதைச் சொல்லத் தெரியாமல் மருந்துக் கடை முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு மனசே சரியில்லை. "இங்கயும் யாரோ ஒருத்தி அப்படித்தான புள்ள நின்னுட்டு இருப்பா?" என்றாய்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, அந்த வாரத்துக்கு எந்தச் சொற்கள் என்று உட்காருவோம். பத்துக்கு மேல் தலையில் நிற்காது என்பது உன் கணக்கு. முதல் வாரம் நான் ஒன்றாம் வகுப்புப் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "ஏம் புள்ள, அணிலை வெச்சுக்கிட்டு அவுங்க என்னத்தப் பண்ணுவாங்க?" என்று நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. சரி என்று முட்டை, தீவனம், அட்டை, கூண்டு என்று எழுதினேன். அதையும் அடித்தாய். "அதெல்லாம் பண்ணைக்காரரே கத்துக் குடுத்துருவாரு, அவருக்கு வேலை ஆகோணுமில்ல? வேற யாரும் சொல்லித் தராத வார்த்தையா எடு. அது தெரியாட்டி அன்னைக்கு என்ன கெட்டுப்போகும்னு பாரு."

அப்படியே ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நின்றோம். லீவு, சம்பளம், கடைசி பஸ் எல்லாம் சுலபமாக உள்ளே போய்விட்டன. "அழகா இருக்குது" என்பதைச் சேர்க்கத்தான் நான் படாத பாடு பட்டேன். அது தெரியாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டாய். "அவுங்க குழந்தையைப் பாத்து ஒருத்தர் அப்படிச் சொன்னா, அது திட்டா பாராட்டான்னு தெரியாம பயந்து நிப்பாங்களே" என்றேன். நீ சாக்பீஸை என் கையில் கொடுத்தாய். நான் உன்னை ஜெயித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஜமுனாவின் கை வீங்கியது அதற்குப் பிறகு. ஜார்க்கண்டில் இருந்து வந்தவள், வகுப்பிலேயே கெட்டிக்காரி. கூண்டுக் கம்பி உள்ளங்கையைக் கிழித்து, சீழ் வைத்து, ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்தபோது முழங்கை வரை சிவந்திருந்தது. அந்த வாரம் முழுக்கப் பண்ணையில் பார்த்தவர் எல்லாம் அக்கறையாகத்தான் விசாரித்திருக்கிறார்கள். எல்லோரிடமும் அவள் "பரவாயில்லைங்க" என்றே சொல்லியிருக்கிறாள். நாம் அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுக்கவே இல்லை. யார் நலம் கேட்டாலும் நம் ஊரில் அதுதான் பதில் என்று காதால் கேட்டே பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் கொதித்தாலும் நாம் அதைத்தானே சொல்கிறோம். உண்மையைச் சொன்னால் கேட்டவருக்குச் சிரமம் என்று நினைக்கிற ஜனம் நாம். நீ அவளை உன் ஸ்கூட்டியில் உட்காரவைத்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். கை தப்பித்தது.

அடுத்த ஞாயிறு கரும்பலகையில் "பரவாயில்லை" என்று பெரிதாக எழுதி, குறுக்கே கோடு போட்டாய். "இந்த வார்த்தை இந்த ரூமுக்குள்ள ஆகாது" என்றாய். பிறகு ஒரு நாற்காலியை நடுவில் போட்டு நீ நோயாளியாக உட்கார்ந்தாய். அவர்கள் எல்லோரும் டாக்டர்கள். எங்கே வலிக்குதுங்க, எப்ப இருந்துங்க, சாப்பிட முடியுதுங்களா என்று மாற்றி மாற்றிக் கேட்பார்கள். ஒரு வாரம் உனக்குப் பல் வலி, ஒரு வாரம் காது வலி, ஒரு வாரம் தேள் கடித்துவிட்டது என்று குதித்தாய். சிரிப்பு அடங்க நேரமாகும்.

தை மாதத்திலிருந்து அந்த நாற்காலியில் உனக்கு வேறு நோவே வரவில்லை. வலது பக்கம், விலாவுக்குக் கீழே. முதுகு வரைக்கும் இழுக்குது. சோறு இறங்க மாட்டேங்குது. ராத்திரி படுக்க முடியலை. ஜமுனா இடுப்பில் கை வைத்து, "உடனே ஆஸ்பத்திரி போங்க" என்பாள். "பொண்ணு பரீட்சை முடியட்டுமுங்க" என்று நீ கும்பிடுவாய். அறையே கைதட்டும். நானும் தட்டினேன். "நீ நடிக்கப் போயிருக்கோணும் புள்ள" என்றுகூடச் சொன்னேன். வெளியே வந்து, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்டால் மட்டும், "வெயிலு புள்ள, பரவாயில்ல" என்று ஸ்கூட்டியைக் கிளப்பிவிடுவாய்.

பரீட்சை முடிந்து, சித்திரையில் நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது கல்லீரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. ஆவணியில் போய்விட்டாய்.

உன் வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உன் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சொன்னார். "தையிலிருந்தே வலிச்சிருக்குதுங்க. இந்த வலது பக்கம். முதுகு வரைக்கும் இழுத்திருக்குது. எனக்குச் சொன்னா வண்டியை உட்டுட்டு வந்துருவேன், புள்ளை படிப்பு கெட்டுரும்னு, சித்திரையில டாக்டருகிட்டச் சொன்னதுதான், அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லலீங்க."

ஒருத்தருக்கும் சொல்லவில்லையா? ஞாயிறுதோறும் அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் சொன்னாயே. பக்கத்தில் இருந்த ஜமுனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. உன்மேல் எனக்குத் தீராத கோபம். எத்தனை வெள்ளிக்கிழமை உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்! என்னிடம் சொல்ல உனக்கு எந்த வார்த்தை கிடைக்காமல் போயிற்று? ஒருவேளை எங்காவது ஓரிடத்தில் வாய்விட்டுச் சொன்னால் போதும் என்று இருந்ததோ என்னவோ. அதற்கு நாங்களாவது இருந்தோமே என்று சில நாள் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். பல நாள் முடிவதில்லை.

ஐப்பசியில் வகுப்பை மறுபடி ஆரம்பித்தேன். சொற்களை இப்போது தனியாக எடுக்கிறேன். எது தெரியாவிட்டால் என்ன கெடும் என்று உன்னைப் போலவே கேட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறேன். எழுதின பத்தும் அப்படியே நிற்கின்றன. அடிக்க ஆள் இல்லை.

போன ஞாயிறு அவர்களே நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். பல் வலி என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஜமுனா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எங்கே வலிக்குதுங்க?" என்றாள். கன்னத்துக்குப் போன என் கை பாதியில் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. "எப்ப இருந்துங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆவணியிலிருந்து" என்றேன்.