பதினொன்றாவது இணைப்பு

மார்ச் 4
மேல் நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட நீதிபதிகளின் பட்டியல் வந்துவிட்டது. நான்காவது ஆள் எங்கள் ஊர்த் தொழிலாளர் நீதிமன்ற நீதிபதி. ஆட்சேபம் இருந்தால் இருபதாம் தேதிக்குள் நியமனக் குழுவிடம் கொடுக்க வேண்டும். முன்மொழியப்பட்டவர்களின் பழைய தீர்ப்புகளைப் படித்து அறிக்கை எழுதுவதுதானே எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் வேலை. அவருடைய தீர்ப்புக் கட்டு என் மேசைக்கு வந்தது. நாசமாப் போச்சு. அண்ணனின் வேலைநீக்க வழக்கு அவரிடம்தான் தீர்ப்புக்காக நிற்கிறது.

மார்ச் 7
நாற்பது தீர்ப்புகள் படித்தேன். பத்தில் ஒரே கூத்து. ஏதோ ஒரு தரப்பு வக்கீல் கொடுத்த எழுத்து வாதத்தை அப்படியே எடுத்து, தீர்ப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றில் "எமது கட்சிக்காரர்" என்றே இருக்கிறது. நீதிபதிக்கு ஏது கட்சிக்காரர்? சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அண்ணன் வழக்கு ஞாபகம் வந்தது.

மார்ச் 8
பெயரில்லாத ஆட்சேபத்தைக் குழு வாங்காதாம். "படிச்சவ நீ. கையெழுத்தும் நீதான் போடணும்மா" என்றார் சங்கத் தலைவரம்மா. அண்ணன் வழக்கைச் சொன்னேன். "அதையும் மனுவிலேயே சொல்லிடு. ஆனா நான் கட்டாயப்படுத்தல" என்றார். கட்டாயப்படுத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 10
பயம். வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 12
நீதிமன்ற வராந்தாவில் அவருடைய குமாஸ்தா வழிமறித்தார். "அய்யாவோட தீர்ப்பையெல்லாம் நீங்கதான் படிக்கிறீங்களாமே மேடம்? உங்கண்ணன் கேஸ் வெள்ளிக்கிழமை வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யார் சொல்லியிருப்பார்கள் இவரிடம்? வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் 15
அண்ணன் ஜெயித்துவிட்டான்! ஆய்வக வேலை திரும்பக் கிடைக்கும். அண்ணி போனில் அழுதார், நானும் அழுதேன்.

மாலையில் தீர்ப்பின் நகல் வாங்கிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் "பதினேழு வருடப் பணி" என்றிருக்கிறது. அண்ணன் வேலை பார்த்தது பத்தொன்பது வருடம். அந்தத் தப்பு என்னுடையது - அவனுடைய வக்கீலுக்காக எழுத்து வாதத்தைத் தயாரித்தவள் நான்தான். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. ஐயோ, இது தீர்ப்பா, என் வாய்க்குப் போட்ட பூட்டா?

மார்ச் 17
அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப என் கேஸை யாருமே படிக்கலையா?"

"இல்லண்ணா."

"ஜெயிச்சாச்சுல்ல, அதைப் போய் ஏன் கிளறணும்?" என்றார் அண்ணி. இரண்டு வருடம் குடும்பத்தை இழுத்துப் பிடித்தவர், கேட்டதில் தப்பே இல்லை. அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். அண்ணனுடையதை விட்டுவிட்டு அந்தப் பத்துத் தீர்ப்பை மட்டும் கொடுத்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே.

மார்ச் 20
குழு அலுவலக வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். கையில் அவனுடைய தீர்ப்பு.

"என்னோடதைச் சேத்தியா?"

"இல்ல."

"சேத்துடு. பதினேழைத் திருத்திடாத, அப்படியே இருக்கட்டும்."

அதைப் பதினொன்றாவது இணைப்பாகச் சேர்த்து, அவன் என் அண்ணன் என்பதையும் வாதம் எழுதியது நான் என்பதையும் மனுவில் குறித்தேன். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. வாங்கிக்கொண்ட அலுவலர் பக்கங்களைப் புரட்டி, கடைசியில் நின்றார். "இந்தப் பதினொண்ணாவதுல ஜெயிச்சது உங்கண்ணன்தானே மேடம், அப்புறம் எதுக்கு ஆட்சேபம்?"

"நான்தான் சார் ஜெயிச்சவன்" என்றான் அண்ணன். "என் கேஸை யாராவது படிச்சுட்டுச் சொல்லட்டும்னு வந்தேன்."